அம்மச்சியின் லேஸை மகளின் கலை வேலைக்குக் கொடுக்கலாமா? ஆப்பிரிக்கப் புலம்பெயர் கலைஞர்களைப் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

குழித்துறைக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். மகள் கவின்கலைக் கல்லூரியில் கடைசி வருஷம். இறுதித் தேர்வுக்கு வைக்க வேண்டிய வேலைக்காக என் அம்மச்சியின் லேஸைக் கேட்கிறாள். கொடுப்பதா வேண்டாமா என்று வீட்டில் சண்டை நடக்கிறது.

லேஸ் என்றால் கடையில் மீட்டர் கணக்கில் வாங்குவது இல்லை. மிஷன் லேஸ், அந்தக் காலத்தில் மிஷனரிகள் கற்றுக்கொடுத்தது. அம்மச்சியும் அவருடைய அம்மாவும் தலையணை மேல் குண்டூசி குத்தி, நூல் சுற்றிய குட்டிக் கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னியது. கூலிக்குப் பின்னியதில் தேறாமல் போனது, மாதிரித் துண்டு, மிச்சம் மீதி என்று ஒரு தகரப் பெட்டியில் கொஞ்சம் கிடக்கிறது. இரண்டு விரல் அகலத்தில் ஒரு துண்டு பாதியிலேயே நிற்கிறது, நூல் நுனிகள் ஒரு பக்கம் அப்படியே தொங்குகின்றன. மகளுக்குக் கண் அதன் மேல்தான்.

அவள் திட்டம் இது: முரட்டுக் கைத்தறியில் ஒரு குப்பாயம் (சட்டை) தைத்து, தோளில் இந்த லேஸை வைத்து, தலையில்லாத பொம்மைக்குப் போட்டு நிறுத்தப் போகிறாளாம். தோள்சீலைக் கலகத்தைப் பற்றிய வேலை, அதாவது திருவிதாங்கூரில் நம் பெண்கள் மேல்சீலை போடும் உரிமைக்காக நடந்த போராட்டம். கேட்டால் யிங்கா ஷோனிபாரே, லுபைனா ஹிமிட், காரா வாக்கர் என்று பெயர்களை அடுக்குகிறாள். எல்லாரும் ஆப்பிரிக்க வம்சாவளி, இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இருப்பவர்களாம். போனில் படம் காட்டினாள். தலையே இல்லாத துரைமார் பூப்போட்ட துணியில் கோட்டு தைத்துப் போட்டுக்கொண்டு மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்குச் சிரிப்புதான் வந்தது.

என் அண்ணனுக்குச் சிரிப்பு வரவில்லை. "நம்ம வீட்டுப் பெண்களுக்கு நடந்த மானக்கேட்டை நாமளே எடுத்து நிறுத்தி நாலு பேருக்குக் காட்டணுமா?" என்கிறார். மாமியார் ஒரே கேள்வியில் முடித்துவிட்டார்: "ஆப்பிரிக்காக்காரனுக்கும் அந்த லேஸுக்கும் என்ன பந்தம்?"

எனக்கும் தெரியவில்லை. தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்குங்கள்.

ஓய்வுபெற்ற டிராயிங் மாஸ்டர்:

அம்மா, உங்கள் மாமியாரின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். இந்தக் கலைஞர்களில் பாதிப்பேர் அந்தக் கேள்வியைத்தான் வேறு மாதிரி கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

நீங்கள் பார்த்த தலையில்லாத துரைமார் ஷோனிபாரே 2003இல் செய்த வேலை. ஐரோப்பிய நாடுகள் 1884-85இல் பெர்லினில் கூடி ஆப்பிரிக்காவைப் பங்கு போட்டுக்கொள்ள விதிமுறை வகுத்தார்கள் அல்லவா, அந்தக் கூட்டம். பதினான்கு உருவங்கள், நடுவில் ஆப்பிரிக்க வரைபடம் பதித்த மேஜை. கோட்டுத் துணியைப் பாருங்கள், பார்த்தவுடன் ஆப்பிரிக்கா என்று தோன்றும். உண்மையில் அதன் பூர்வீகம் ஜாவா. அங்கே மெழுகு வைத்துச் சாயம் தோய்க்கும் பாத்திக் துணியை 19ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்துக்காரர்கள் (டச்சுக்காரர்கள்) இயந்திரத்தில் அச்சடித்து ஜாவாக்காரர்களிடமே விற்கப் பார்த்தார்கள். அங்கே எடுபடவில்லை. மேற்கு ஆப்பிரிக்காவில் கொண்டுபோய் இறக்கினார்கள், பிய்த்துக்கொண்டு போனது. இன்று அதுதான் ஆப்பிரிக்கத் துணி. ஷோனிபாரே 1962இல் லண்டனில் பிறந்து லாகோஸில் வளர்ந்தவர். அந்தத் துணியை அவர் வாங்கியது லண்டன் பிரிக்ஸ்டன் சந்தையில். அதில் விக்டோரியா காலத்துக் கோட்டும் கவுனும் தைத்தார். யார் யாருடைய துணியை உடுத்தியிருக்கிறார்கள் என்று பார்ப்பவர் குழம்ப வேண்டும் என்பதுதான் எண்ணம். குழம்பாதவர் பார்க்கவே இல்லை என்பேன்.

சரி, நமக்கு என்ன பந்தம்? ஒல்லாந்துக்காரர்கள் நமக்கு வேற்று ஆட்களா? அவர்களுடைய கிழக்கிந்தியக் கம்பெனி 1741இல் குளச்சலில் திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்டவர்மாவிடம் தோற்றது. பிடிபட்ட அவர்களுடைய அதிகாரி டிலனாய் பிறகு திருவிதாங்கூர்ப் படைக்கே தளபதியாகி, இப்போது புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் அடக்கமாகிக் கிடக்கிறார். பள்ளியில் இதைத்தான் படித்தோம். அதே கம்பெனி மலபார், சோழமண்டலக் கரைகளிலிருந்து மனிதர்களை வாங்கித் தென்னாப்பிரிக்காவின் கேப் நகரத்துக்கு அடிமைகளாகக் கொண்டுபோனதை யாரும் நமக்குச் சொல்லித்தரவில்லை. சூ வில்லியம்சன் என்ற தென்னாப்பிரிக்கக் கலைஞர் (இவர் வெள்ளையர், உங்கள் மகளின் பட்டியலில் வரமாட்டார்) அந்த விற்பனைப் பத்திரங்களில் இருந்த பெயர்களைச் சட்டைத் துணிகளில் எழுதி, சேற்றில் முக்கிக் காயப்போட்டு ஒரு வேலை செய்தார். அந்தச் சட்டைகள் கொச்சியில் வாங்கியவை. கொச்சி நமக்கு ஒரு ரயில் தூரம்.

இன்னொன்று. அட்லாண்டிக் அடிமை வியாபாரக் கப்பல்கள் ஐரோப்பாவிலிருந்து மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போகும்போது வெறுங்கையோடு போகவில்லை. மனிதர்களுக்கு விலையாக அவை கொண்டுபோன சரக்கில் இந்தியப் பருத்தித் துணிக்குப் பெரிய பங்கு உண்டு. சோழமண்டலக் கரையில் நெய்ததும் அதில் உண்டு. மதராஸ் கட்டம் போட்ட துணியை இன்றைக்கும் நைஜீரியாவின் கலபாரி மக்கள் வாங்கி, அதில் சில இழைகளை மட்டும் வெட்டி உருவிப் புது வடிவம் எடுத்துச் சடங்குகளில் உடுத்துகிறார்கள். நம் ஆள் நெய்தது, அவர்கள் கை பட்டு அவர்களுடையதாகிவிட்டது. மாமியாரிடம் சொல்லுங்கள், பந்தம் துணிவழிப் பந்தம்.

அடுத்து ஹிமிட். 1954இல் சான்சிபாரில் பிறந்தவர், இங்கிலாந்தில் வளர்ந்தவர். 2017இல் பிரிட்டனின் பெரிய கலைப் பரிசான டர்னர் பரிசு பெற்றார், அதைப் பெற்ற முதல் கறுப்பினப் பெண். அவர் 2004இல் செய்ததை உங்கள் மகள் கட்டாயம் ஊன்றிப் பார்க்க வேண்டும். பிளைவுட்டில் ஆள் உயரத்துக்கு வெட்டிப் பளீரென்ற வண்ணம் தீட்டிய நூறு உருவங்கள். ஐரோப்பியச் சீமான்களின் வீடுகளில் வேலைக்கு நிறுத்தப்பட்ட ஆப்பிரிக்கர்கள். செருப்புத் தைப்பவர், மேளக்காரர், நாய் பழக்குபவர், வரைபடம் போடுபவர், பச்சிலை வைத்தியர். ஒவ்வொருவர் முதுகிலும் கணக்கேட்டுத் தாள் மாதிரி ஒரு தாள். அதில் என் பெயர் இது, இவர்கள் என்னைக் கூப்பிடுவது இப்படி, முன்பு இந்த வேலை செய்தேன், இப்போது இது, எனக்கென்று இருப்பது இன்னது என்று சில வரிகள். பழைய ஓவியங்களில் எஜமானியின் பக்கத்தில் தட்டேந்தி நிற்கிற பையனுக்குப் பெயரே கிடையாது. ஹிமிட் நூறு பேருக்குப் பெயர் வைத்தார், தொழிலும் கொடுத்தார். சுற்றி வந்து முதுகைப் பார்த்தால்தான் படிக்க முடியும்.

உங்கள் குடும்ப பைபிளின் முதல் பக்கத்தில் பிறப்பு, ஞானஸ்நானம், கல்யாணம் எல்லாம் எழுதியிருப்பார்களே, அதை மகளிடம் எடுத்துக் கொடுங்கள். மிஷன் காலத்தில் எத்தனையோ பிள்ளைகளுக்குச் சீமைப் பெயர் வந்தது. பழைய பெயர் என்ன என்று யாராவது எழுதி வைத்திருக்கிறார்களா?

அண்ணன் சொல்வதைத் தள்ளிவிடாதீர்கள். அவர் பயம் காரணம் இல்லாதது அல்ல. காரா வாக்கர் 1969இல் பிறந்த அமெரிக்கர். கறுப்புத் தாளில் வெட்டிய நிழலுருவங்களில் அடிமைத் தோட்டத்தில் நடந்த கொடுமைகளை ஒளிவுமறைவு இல்லாமல் காட்டியவர். 1997இல் அவருக்கு எதிராகக் கடிதம் எழுதி ஆள் திரட்டியது வெள்ளைக்காரர்கள் இல்லை. பெட்டி சார் என்ற மூத்த கறுப்பினப் பெண் கலைஞர்தான். இந்தப் படங்கள் வெள்ளையரின் ரசனைக்குத் தீனி போடுகின்றன, நம்மை மறுபடியும் இழிவுபடுத்துகின்றன என்பது அவர் வாதம். அண்ணன் பேசுவதும் ஏறக்குறைய அதே வாதம்தான். பிறகு 2014இல் வாக்கர் நியூயார்க்கில், புரூக்ளினில் இடிக்க இருந்த ஒரு சர்க்கரை ஆலைக்குள் வெள்ளைச் சர்க்கரை பூசிய பிரம்மாண்டமான பெண் சிங்க உருவம் ஒன்றைக் கிடத்தினார். முகம் ஆப்பிரிக்கப் பெண்ணின் முகம், தலையில் வேலைக்காரியின் முண்டாசு. கரும்புத் தோட்டத்தில் செத்தவர்களின் நினைவாகச் செய்தது. வந்தவர்களில் ஒரு கூட்டம் அதன் உடம்பைக் காட்டி அசிங்கமாகப் போஸ் கொடுத்து செல்பி எடுத்துப் போட்டது. காட்டினால் இப்படியும் பார்ப்பார்கள். அதற்காகக் காட்டாமலே இருந்தால் என்ன ஆகும்? ஒன்பதாம் வகுப்புப் பாடநூலில் இருந்த உடை வரலாற்றுப் பாடத்தை 2019இல் மத்தியப் பாடநூல் நிறுவனமான என்.சி.இ.ஆர்.டி. எடுத்துவிட்டது. தோள்சீலை விஷயம் இருந்தது அந்தப் பாடத்தில்தான்.

கடைசியாக உங்கள் மகளுக்கு, ஒரு வாத்தியாராக. அந்தத் தலையில்லாத பொம்மை வேண்டாம் பிள்ளை. ஷோனிபாரே தலையை எடுத்தது துரைமாருக்கு. நாடு நாடாகப் பங்கு போட்டவர்களிடம் மூளையும் முகமும் இல்லை என்று கேலி செய்கிறார், பிரெஞ்சுப் புரட்சியின் வெட்டுக்கத்தியும் அதில் ஞாபகத்துக்கு வரும். நம் பெண்களை ஏற்கெனவே உடம்பாக மட்டும் பார்த்த ஊர் இது. அவர்களுக்கு நீயும் தலையை எடுத்தால் அது யாருக்கு வைத்த கேலி? அவரிடம் கற்க வேண்டியது ஒரு பொருளை எடுத்தால் அது எங்கே பிறந்தது, யார் கையால் எங்கே போனது என்று கடைசி வரை துருவும் பழக்கம். உருவத்தைக் காப்பியடித்தால் மதிப்பெண் கிடைக்கலாம், வேலை நிற்காது.

உன்னிடம் இருக்கும் பொருளே போதும். நாகர்கோவில் மிஷன் பெண்கள் பள்ளியில் லேஸ் பின்னுவது 1820களுக்குள் நடைமுறைக்கு வந்துவிட்டது. மால்ட் என்ற மிஷனரியின் மனைவி கற்றுக்கொடுத்தது. லேஸ் சீமைக்குப் போய் அங்கே சட்டைக் கழுத்துகளை அலங்கரித்தது. அதே காலத்தில், 1829இல், திருவிதாங்கூர் அரசு நாடார் பெண்கள் மேல்சீலை போடக் கூடாது, குப்பாயம் போட்டுக்கொள்ளலாம் என்று ஆணை போட்டது. 1859இல் விட்டுக்கொடுத்தபோதும், மறைத்துக்கொள்ளலாம் ஆனால் மேல்சாதிப் பெண்கள் போடும் விதத்தில் கூடாது என்று ஒரு கொக்கி வைத்தார்கள். எங்கோ இருக்கும் சீமாட்டியின் தோளுக்கு லேஸ் பின்னிக் கொடுத்த கைகளுக்குத் தன் தோளில் எதைப் போடலாம் என்று ராஜா சொல்ல வேண்டியிருந்தது. இதற்கு மேல் பொம்மை எதற்கு?

நாஞ்சில் வம்பன்:

மாஸ்டர் சொன்னது எல்லாம் சரி. எனக்கு ஒரு சந்தேகம். எல் அனாட்சுயி என்று ஒருவர், சாராய பாட்டில் மூடிகளைத் தட்டி நசுக்கிக் கம்பியில் கோத்துச் சுவரில் தொங்கவிடுகிறார், கோடிக்கணக்கில் விலை போகிறதாம். நம்மூர் தோல்பாவைக்கூத்துக்காரர் ஆட்டுத்தோலில் ராமாயணம் முழுவதையும் வெட்டி வைத்திருக்கிறார், திருவிழாவுக்குக் கூப்பிட ஆள் இல்லை. வெளிநாட்டுக்காரன் செய்தால் வரலாறு, நம்ம ஆள் செய்தால் நாட்டுப்புறமா?

ஓய்வுபெற்ற டிராயிங் மாஸ்டர்:

வம்பு நியாயமான வம்புதான். காசு விஷயத்தில் உங்களோடு சண்டை போட என்னிடம் ஒன்றும் இல்லை. அந்த மூடிகளைப் பற்றி மட்டும். அனாட்சுயி 1944இல் கானாவில் பிறந்து நைஜீரியாவின் நுசுக்காவில் பல்லாண்டுகள் பாடம் நடத்தியவர். ஐரோப்பியர் ஆப்பிரிக்கக் கரைக்குக் கொண்டுவந்து இறக்கிய சரக்கில் சாராயமும் ஒன்று, அமெரிக்கக் கண்டத்து அடிமைகளின் கரும்பிலிருந்து வடித்த ரம்மும் அதில் சேர்த்தி. மூடியை எடுத்தது அதனால்தான். பலர் சேர்ந்து செம்புக் கம்பியில் கோத்துத் துணி போல மடியும்படி செய்கிறார்கள். எட்டி நின்றால் தங்கச்சரிகைப் போர்வை, கிட்டே போனால் பிராண்டு பெயர். 2023இல் லண்டன் டேட் மாடர்ன் கலை அருங்காட்சியகத்தின் பெரிய கூடத்தில் கப்பல் பாய் மாதிரித் தொங்கியது.

தோல்பாவைக்கூத்து பற்றி நீங்களே தனியாக ஒரு திரி தொடங்குங்கள். நான் வருகிறேன்.

தூத்தூர் டு லண்டன்:

மக்களே, நான் வேலை பார்ப்பது லண்டன் பக்கம். மாஸ்டர் சொன்ன ஷோனிபாரே செய்த கப்பல் ஒன்று கிரீனிச் கடல்சார் அருங்காட்சியகத்துக்கு வெளியே நிற்கிறது, காசு இல்லாமல் பார்க்கலாம். ராட்சசக் கண்ணாடி பாட்டிலுக்குள் ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி நெல்சனின் போர்க்கப்பல். பாய்கள் முப்பத்தேழும் அதே பூப்போட்ட துணி. 2010இல் டிரஃபால்கர் சதுக்கத்தில் நெல்சன் சிலைக்குப் பக்கத்திலேயே வைத்தார்கள், அப்புறம் இங்கே வந்தது. முதலில் பார்த்தபோது ஏதோ கைலித் துணியில் பாய் கட்டியிருக்கிறார்கள் என்று நினைத்துப் போட்டோ எடுத்து வீட்டு குரூப்பில் போட்டேன்.

எனக்குப் பிடித்தது வேறொருவர், ஹியூ லாக். எடின்பரோவில் பிறந்து, கயானாவில் வளர்ந்து, இப்போது லண்டன்காரர். 2011இல் போக்ஸ்டன் என்ற கடலோர ஊரின் பழைய தேவாலயத்துக்குள், கூரையிலிருந்து பல பத்துப் படகுகளைத் தொங்கவிட்டார். மீன்பிடிப் படகு, சரக்குக் கப்பல், அகதிகள் வரும் தோணி எல்லாம் கலந்து ஒரே திசையில் போகின்றன. கடலில் போனவர்கள் நல்லபடி திரும்ப வேண்டும் என்று கோயிலில் கப்பல் பொம்மை கட்டுவது ஐரோப்பாவில் பழைய நேர்ச்சை. அதை எடுத்து, கடல் கடந்து வந்த எல்லாருக்குமாக ஆக்கிவிட்டார். நான் படத்தில்தான் பார்த்தேன். ஆனால் 2017 ஓகிப் புயலுக்கு அப்புறம் எங்கள் கரையில் கோயில்களில் நடந்த பூசைகளைப் பார்த்தவனுக்கு அதை விளக்க வேண்டிய தேவை இல்லை.

குழித்துறை அக்கா, லேஸைக் கொடுங்கள். தகரப் பெட்டியில் அதை யார் பார்க்கப் போகிறார்கள், கரப்பான்தான்.

அண்டியாபீஸ் கணக்கர்:

கருங்கல் ஊர்ப் பக்கம் அண்டியாபீஸில் (முந்திரிக்கொட்டை ஆலை) கணக்கு எழுதுகிறேன். கலை பற்றி ஒன்றும் தெரியாது. திரியைப் படித்ததும் குடோனுக்குப் போய்ச் சாக்குகளைப் பார்த்தேன். ஐவரி கோஸ்ட், கினி பிசாவ் என்று கறுப்பு மையில் குத்தியிருக்கிறது. பச்சையண்டி அங்கிருந்துதான் தூத்துக்குடிக்கு வருகிறது. உடைப்பதும் தொலி உரிப்பதும் நம் பெண்கள், அண்டி எண்ணெய் பட்டு விரல் கருத்துப்போய் இருப்பார்கள். மாமியார் கேட்ட பந்தத்துக்கு இதையும் ஒரு கணக்காக எழுதிக்கொள்ளுங்கள்.

என் மருமகன் சொன்னான், கானாவில் இப்ராகிம் மஹாமா என்று ஒருவர் இந்த மாதிரிச் சணல் சாக்குகளைச் சேர்த்துத் தைத்துப் பெரிய கட்டடங்களையே போர்த்துகிறார் என்று. புதுச் சாக்கு கொடுத்துக் கிழிந்த சாக்கை வாங்கிக்கொள்வாராம். கோகோ ஏற்றியது, அப்புறம் கரி ஏற்றியது, மேலே சொந்தக்காரன் பெயர் எழுதியது. அவர் ஊரிலேயே இருக்கிறார், புலம்பெயர்ந்தது சாக்குதான். சணல் நம் பக்கத்து ஆசியாவில் விளைந்து அங்கே போனது. எங்கள் முதலாளியிடம் கிழிந்த சாக்கு நிறைய இருக்கிறது, மகளுக்கு வேண்டுமானால் சொல்லுங்கள்.

குழித்துறைக்காரி:

எல்லோருக்கும் நன்றி. மாமியாரிடம் மதராஸ் துணி விஷயத்தைப் படித்துக் காட்டினேன். "அப்போ அவனுக நம்ம துணியைத்தான் உடுத்தினானுகளா" என்று கேட்டுவிட்டு, லேஸ் பற்றி ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்வதாக மகள் சொல்கிறாள். தலையில்லாத பொம்மை பற்றி மாஸ்டர் சொன்னதில் அவளுக்குக் கோபம், ஒரு நாள் முழுக்க முகம் கொடுத்துப் பேசவில்லை. இப்போது பொம்மையே இல்லாமல் குப்பாயத்தை மட்டும் தொங்கவிடலாமா என்று வரைந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். அந்தப் பாதி லேஸைத் தைத்து முடிக்காமல், நூல் நுனி தொங்கத் தொங்கவே விடப்போகிறாளாம்.

அண்ணன் இன்னும் மசியவில்லை. பெட்டி சார் கதையைச் சொன்னேன். "அந்த அம்மா சொன்னதுதான் சரி" என்றார். ஆனால் பைபிளின் முதல் பக்கத்தைத் தேடி எடுத்துக் கொடுத்தவர் அவர்தான். அம்மச்சியின் பாட்டி பெயர் மார்த்தா என்று மட்டும் இருக்கிறது, ஞானஸ்நானம் பெற்றபோது வளர்ந்த பெண். அதற்கு முந்தைய பெயருக்கு இடமே விடவில்லை.

மாஸ்டர், லேஸ் மஞ்சளாகிக் கிடக்கிறது. சலவை பண்ணி இஸ்திரி போட்டுக் கொடுக்கலாமா?

ஓய்வுபெற்ற டிராயிங் மாஸ்டர்:

ஐயோ, இஸ்திரி வேண்டவே வேண்டாம். பழைய பருத்தி இழை சூட்டில் முறுகி உடையும். பிளீச், சொட்டு நீலம் எதுவும் காட்டாதீர்கள். மஞ்சள் இருக்கட்டும், அது அதன் வயசு. பெட்டியில் பாச்சை உருண்டை போட்டிருந்தால் எடுத்துவிட்டு, நிழலில் காற்றாட வையுங்கள். முதல் வேலையாக வெள்ளைத் துணியில் பரப்பி, பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து, இரண்டு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பாதியில் நிற்கும் துண்டை நுனி நூல்களோடு தனியாக எடுங்கள்.

மகளிடம் சொல்லுங்கள்: பசை கூடாது, பெவிகால் பட்டால் அதோடு போயிற்று. இரும்புக் குண்டூசி துருவேறிக் கறை பிடிக்கும். மெல்லிய பருத்தி நூலால், லேஸின் இழையைக் குத்தாமல் ஓட்டை வழியாக மட்டும் ஊசியை விட்டு, தளர்வாகத் தைக்க வேண்டும். கண்காட்சி முடிந்ததும் பிரித்து எடுக்க வர வேண்டும், அண்ணனுக்கு அந்த வாக்கையும் கொடுத்துவிடலாம். வெட்டுவதாக இருந்தால் கொடுக்காதீர்கள்.

அண்டியாபீஸ்காரரிடம் சாக்கு ஒன்று வாங்கி வையுங்கள். இந்த வேலைக்கு இல்லை, அடுத்ததற்கு.